விட்டதைப் பிடிக்கிற இரண்டாம் பாகம்

1983-ல் 'தி ஸ்டிங் 2' என்று ஒரு ஆங்கிலப் படம் வந்தது. நம்ம காலேஜ்ல யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்க்காததால பெரிய நஷ்டமும் இல்லை. ஜாக்கி கிளீசன், மேக் டேவிஸ் ரெண்டு பேரும் எத்தர்கள். கார்ல் மால்டன் பணமும் ஆள்பலமும் உள்ள பெரிய சூதாடி. ஒரு குத்துச்சண்டையை செட்டப் பண்ணி, அதுல அவனைப் பந்தயம் கட்ட வெச்சு மொட்டையடிக்கணும். இவ்வளவுதான் கதை. ஜாலியான படம்தான். இசைக்காக ஆஸ்கர் நாமினேஷன்கூட வாங்குச்சு. ஆனா ஓடலை.

ஓடாத படத்துக்கு எதுக்குப்பா ஒரு கட்டுரைன்னு கேக்கலாம். ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, அந்தப் படத்தோட முதல் பாகம். இன்னொண்ணு, என் பக்கத்து ரூம் நண்பன். முதல்ல படத்தைப் பார்த்துட்டு வந்துடுவோம்.

முதல் பாகமான 'தி ஸ்டிங்' 1973-ல் வந்தது. பால் நியூமன், ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடிச்சது. இயக்கம் ஜார்ஜ் ராய் ஹில். சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் வாங்கின படம். கதை நடக்கிறது 1936-ல், சிகாகோ பக்கம். ஹூக்கர்னு ஒரு சின்ன எத்தன். அவனுக்குத் தொழில் கத்துக்கொடுத்த லூதரை, லானகன் என்கிற தாதா ஆள் வெச்சுக் கொன்னுடுறான். பழிவாங்கணும். ஆனா ஹூக்கருக்குத் தெரிஞ்ச ஒரே வேலை ஏமாத்துறது. அதனால கோண்டார்ஃப் என்கிற பழைய கில்லாடியைத் தேடிப் போறான். (ஐம்பது வருஷப் பழைய படம், அதனால கதையை முழுசா சொல்லப் போறேன். ஸ்பாய்லர்னு சண்டைக்கு வராதீங்க.)

லானகன் ஓடுற ரயில்ல பெரிய பணம் வெச்சுச் சீட்டாடுறவன். கள்ள ஆட்டமும் ஆடுவான். கோண்டார்ஃப் குடிகாரன் மாதிரி உள்ளே போய், அவனைவிடப் பெரிய கள்ள ஆட்டம் ஆடி 15,000 டாலர் ஜெயிச்சுடுறார். பணத்தை எடுத்துக் கொடுக்கலாம்னு பார்த்தா லானகனோட பர்ஸையும் ஏற்கெனவே உருவியிருப்பாங்க. அத்தனை பேர் முன்னாடியும் மானம் போயிடுது. அந்த நேரம் பார்த்து ஹூக்கர் அவன்கிட்ட போய், "நான் அந்த ஆள்கிட்டதான் வேலை பார்க்கிறேன். எனக்கும் அவனைப் பிடிக்காது. அவன் கடையைக் காலி பண்ண என்கிட்ட ஒரு வழி இருக்கு" என்கிற மாதிரி பேச்சுக் கொடுக்கிறான்.

அந்த வழி இதுதான். அப்போ குதிரைப் பந்தய முடிவுகள் பந்தயக் கடைகளுக்குத் தந்தி மூலமா வரும். தந்தி ஆபீஸ்ல நம்ம ஆள் ஒருத்தன் இருக்கான், முடிவைக் கொஞ்சம் தாமதமா கடைக்கு அனுப்புவான், அதுக்குள்ள எந்தக் குதிரைன்னு நமக்கு போன்ல சொல்லிடுவான். ஈசிஇ பசங்க பாஷையில சொன்னா, லேட்டன்சியை வெச்சுக் காசு பார்க்கிற திட்டம். லானகன் சின்னதா ஒரு பந்தயம் கட்டிச் சோதிச்சுப் பார்க்கிறான். ஜெயிக்குது. கடைசியா 5 லட்சம் டாலரைப் பெட்டியில எடுத்துக்கிட்டு வரான்.

அந்தப் பந்தயக் கடையே பொய். கல்லாவுல உட்கார்ந்திருக்கிறவன், போர்டுல சாக்பீஸ்ல எழுதுறவன், மைக்ல ரேஸை வர்ணிக்கிறவன், பக்கத்துல நின்னு நோட்டு எண்ணுறவன் எல்லாருமே எத்தர்கள். அவ்வளவு பெரிய கூட்டத்துல நிஜமான கஸ்டமர் ஒரே ஒருத்தன், லானகன்.

முதல் தடவை பார்க்கும்போது அந்தக் கடையைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தேன். ரெண்டாவது தடவை பார்க்கும்போதுதான் ஒரு கணக்கு கண்ணுல பட்டுச்சு. 15,000 தோத்தவன் எதுக்கு 5 லட்சம் கொண்டு வரான்? பணத்துக்காக இல்லை, அவன் ஏற்கெனவே பணக்காரன். தன்னைத் தோக்கடிச்சவனைத் தோக்கடிக்கணும், அவ்வளவுதான். ரயில்ல நடந்த அந்தச் சீட்டாட்டம் வெறும் தூண்டில் புழு. அவனைத் தோக்க வெச்சதே, அவன் திரும்ப வரணும்னுதான்.

இந்த மாதிரிப் பொய்க் கடைகள் சினிமாக்காரங்க கற்பனையும் கிடையாது. டேவிட் மாரர் என்கிற அமெரிக்க மொழியியல் பேராசிரியர், எத்தர்கள் தங்களுக்குள்ள பேசுற குழூஉக்குறிகளைச் சேகரிக்கப் போய், அவங்க தொழில் நுட்பம் மொத்தத்தையும் தெரிஞ்சுக்கிட்டு 1940-ல் புத்தகமாவே எழுதினார். படம் வந்தப்புறம், என் புத்தகத்துல இருந்து எடுத்துட்டாங்கன்னு அவர் வழக்குப் போட, அது கோர்ட்டுக்கு வெளியே சமரசத்துல முடிஞ்சது. அமெரிக்காவுல தந்தியும் குதிரையும் வெச்சு ஆடின இதே ஆட்டத்தை, எங்க சங்கரன்கோவில் பக்கம் திருவிழாக் கூட்டத்துல மூணே சீட்டு வெச்சு ஆடுவாங்க. கீழே ஒரு துண்டு, அது மேல மூணு சீட்டு, ராணி எங்கேன்னு சொன்னா கட்டின காசுக்கு ரெண்டு மடங்கு. முதல்ல ஜெயிக்கிறவன் அவங்க ஆளு. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத நுட்பம் அடுத்தது. சீட்டுக்காரன் எச்சில் துப்பத் தலையைத் திருப்புவான். அந்த ஒரு நொடியில பக்கத்துல நிக்கிறவன் ராணிச் சீட்டோட மூலையை லேசா மடக்கிட்டு உங்களைப் பார்த்துக் கண்ணடிப்பான். இப்போ உங்களுக்கு ராணி எதுன்னு தெரியும், சீட்டுக்காரனுக்குத் தெரியாது. பாக்கெட்ல இருக்கிற மொத்தத்தையும் எடுத்து வைப்பீங்க. திருப்பினா மடங்கின மூலையோட ஒரு ஏழு இருக்கும்.

ஏமாறுறவன் கடைசி நிமிஷம் வரைக்கும் தான் ஏமாத்துறதா நினைச்சுக்கிட்டு இருக்கான். லானகனும் அப்படித்தான் நினைச்சான். நேர்மையா ஆடி ஜெயிக்கலாம்னு யார் கூப்பிட்டாலும் நாம யோசிப்போம். குறுக்கு வழி இருக்கு, அது உனக்கு மட்டும்தான் தெரியும்னு சொன்னா யோசிக்க மாட்டோம்.

சரி, இரண்டாம் பாகம் ஏன் ஓடலை? ரெண்டு படத்துக்கும் திரைக்கதை ஒரே ஆள்தான், டேவிட் வார்ட். திறமை இல்லைன்னு சொல்ல முடியாது. பிரச்சினை என்னன்னா, முதல் படத்துல நாமும் ஏமாந்தோம். க்ளைமாக்ஸ்ல துப்பாக்கி வெடிச்சு ஹூக்கர் விழும்போது நிஜமாவே செத்துட்டான்னு நினைச்சோம். ரெண்டாவது படத்துக்கு வரும்போது, எவன் செத்தாலும் எழுந்திருப்பான், எவன் ஜெயிச்சாலும் அது செட்டப்னு தெரிஞ்சே உட்கார்றோம். ஏமாறத் தயாரா வந்தவனை ஏமாத்த முடியாது. போதாக்குறைக்கு, முதல் படத்துல லூதரோட சாவு இருந்தது. யாரை ஏமாத்துறாங்க, எதுக்கு ஏமாத்துறாங்கன்னு கேள்வியே வரலை. ரெண்டாவதுல அந்தக் கனம் இல்லை.

நம்ம ஊர்லயும் இதே கதைதான். 2013-ல் நலன் குமாரசாமியோட 'சூது கவ்வும்' வந்தது. ஆள் கடத்துறதுக்கு ரூல்ஸ் போட்டு வெச்சிருக்கிற விஜய் சேதுபதி, அதுல முதல் ரூலே அதிகாரத்துல இருக்கிறவங்க மேல கை வைக்காதேங்கிறதுதான். அந்த ரூலை மீறினதுதான் படம். 2024 டிசம்பர்ல இரண்டாம் பாகம் வந்தது. சிவா ஹீரோ, கருணாகரனும் எம்.எஸ். பாஸ்கரும் திரும்ப வந்தாங்க. முதல் பாகம் கொடுத்த அதிர்ச்சி எனக்கு அதுல கிடைக்கலை. எங்கே சிரிக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு.

'சூது கவ்வும்' என்கிற பேர், எட்டயபுரத்துக்காரர் பாரதியோட 'பாஞ்சாலி சபதம்' கொடுத்தது. எத்தர்கள் சேர்ந்து பெரிய சூதாடியை மொட்டையடிக்கிற கதையில அதுக்கு மிஞ்சின கதை ஏது? தருமர் ராஜசூய யாகம் முடிச்ச சக்கரவர்த்தி. சூது என்றால் விடமாட்டார், ஆனா ஆடத் தெரியாது. அவரை வரவழைக்கப் புதுசா ஒரு மண்டபமே கட்டுறாங்க. சிகாகோ பந்தயக் கடைக்கு மூத்த அண்ணன் அஸ்தினாபுரத்து மண்டபம்.

பாரதி சபதத்தோட நிறுத்திட்டார். வியாச பாரதத்துல அதுக்கப்புறம் ஒரு இரண்டாம் பாகம் இருக்கு. பாஞ்சாலி கேட்ட வரத்தால தருமரும் தம்பிகளும் விடுதலை ஆகிடுறாங்க, தோத்த நாடும் செல்வமும்கூடத் திருதராஷ்டிரன் திருப்பிக் கொடுத்துடுறார். ஊருக்குக் கிளம்பிட்டாங்க. வழியில ஆள் வந்து, இன்னும் ஒரே ஒரு ஆட்டம்னு கூப்பிடுறான். தருமர் திரும்பிப் போறார். பன்னிரண்டு வருஷம் காடு, ஒரு வருஷம் அஞ்ஞாதவாசம். முதல் ஆட்டத்துல சகுனி யாருன்னு தெரியாதுன்னு வெச்சுக்கலாம். ரெண்டாவது ஆட்டத்துல எல்லாம் தெரியும். தெரிஞ்சும் போனார். சினிமாவுல இரண்டாம் பாகம் ஓடாது, வாழ்க்கையில அதுதான் ஹவுஸ்ஃபுல் ஆகுதுன்னு எனக்குத் தோணினது இங்கேதான்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2022-ல் குஜராத்தின் மேசானா மாவட்டத்துல மோலிபூர்னு ஒரு கிராமம். ஐபிஎல் முடிஞ்சு மூணு வாரம்தான் ஆகியிருக்கும். ஒரு வயலை வாடகைக்கு எடுத்துப் பிட்ச் போட்டு, ஹாலோஜன் விளக்கு கட்டி, அஞ்சு எச்டி கேமரா வெச்சு, ஒரு கும்பல் தனியா ஒரு "ஐபிஎல்" நடத்துச்சு. ஆடினது கூலி வேலை பார்க்கிறவங்களும் உள்ளூர்ப் பசங்களும். மேட்ச்சுக்கு 400 ரூபாய். சென்னை, மும்பை, குஜராத் டீம் ஜெர்ஸியை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டாங்க. கூட்டத்தோட ஆரவாரம் இன்டர்நெட்ல இறக்கினது. ஹர்ஷா போக்ளே குரல்ல மிமிக்ரி பண்ண ஒருத்தன். யூடியூப்ல லைவ். பந்தயம் கட்டினவங்க ரஷ்யாவுல. டெலிகிராம்ல பந்தயம் விழுந்ததும் அம்பயருக்கு வாக்கி டாக்கியில தகவல் வரும். சிக்ஸ் வேணுமா, அவுட் வேணுமான்னு அம்பயர் பேட்ஸ்மேனுக்கும் பௌலருக்கும் சைகை காட்டுவார். காலிறுதி வரைக்கும் போயிட்டாங்க, அப்போதான் போலீஸ் வந்துச்சு. ஹர்ஷா போக்ளேவே ட்விட்டர்ல சிரிச்சார்.

நானும் சிரிச்சேன். 'தி ஸ்டிங்' கடையை அப்படியே வயல்ல நட்டு வெச்ச மாதிரி இருந்தது. ரஷ்யாக்காரன் ஏமாந்தா நமக்கென்னன்னு ஒரு எண்ணம். ஆனா யோசிச்சுப் பார்த்தா, அந்த ரஷ்யாக்காரன் தாதா இல்லை. மாஸ்கோவுலயோ வொரோனெஷ்லயோ ரூம்ல உட்கார்ந்து போன்ல பந்தயம் கட்டின எவனோ ஒருத்தன். நம்ம பக்கத்து ரூம் மாதிரி ஒரு ரூம்.

நண்பன் கதை இதுதான். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம், எங்க ஊர்ப் பக்கம்தான். அவன் அப்பா விசைத்தறியில கூலிக்கு ஓட்டுறார். மூணாவது வருஷம் ஒரு ஆப்ல விளையாட ஆரம்பிச்சான். முதல் வாரம் 900 ரூபாய் ஜெயிச்சான், எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். ரெண்டு மாசத்துல 6,500 போச்சு. அதோட விட்டிருந்தா முதல் பாகம்தான். 6,500 ரூபாய்க்கு ஒரு பாடம்னு முடிஞ்சிருக்கும்.

அப்போதான் டெலிகிராம்ல ஒரு குரூப். ஸ்டேடியத்துலயே எங்க ஆள் இருக்கான், டிவியில வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும்னு. 1936-ல் லானகனுக்குச் சொன்ன அதே தந்திக் கதை. அடுத்தடுத்து அஞ்சு மேட்ச்சுக்கு யார் ஜெயிப்பாங்கன்னு சும்மாவே மெசேஜ் அனுப்பினான். அஞ்சும் சரி.

"ஏல, அஞ்சும் கரெக்டா சொல்லிருக்காம்ல. சும்மா சொல்ல முடியுமால?" என்றான் என்கிட்ட.

சொல்ல முடியும். நாலாவது செமஸ்டர் ப்ராபபிலிட்டி ஞாபகம் இருந்தா போதும். 1,024 பேர் நம்பர் எடுத்துக்கோங்க. பாதிப் பேருக்கு 'ஏ' டீம் ஜெயிக்கும்னு அனுப்புங்க, மீதிப் பாதிக்கு 'பி' டீம். மேட்ச் முடிஞ்சதும் சரியா போன 512 பேரை மட்டும் வெச்சுக்கிட்டு அவங்களைத் திரும்பப் பாதியாப் பிரிங்க. 256, 128, 64, 32. அஞ்சு மேட்ச் முடியும்போது, உங்களைக் கடவுள்னு நம்புற 32 பேர் கையில இருப்பாங்க. ஸ்டேடியத்துல ஆளும் வேண்டாம், கிரிக்கெட்டும் தெரிய வேண்டாம். இதை நோட்டுல போட்டுக் காட்டினேன். "கணக்கு சரிதாம்ல. ஆனா இவன் அப்படி இல்ல" என்றான். மடங்கின மூலையைப் பார்த்துட்டவனுக்கு வேற எதுவும் கண்ணுல படாது.

விஐபி குரூப்ல சேர 3,000. அப்புறம் ஆறாவது மேட்ச்சுக்கு, காலேஜ் ஃபீஸ் கட்ட அப்பா அனுப்பின 42,000. போச்சு. குரூப்பும் போச்சு.

ஒரு மாசம் கழிச்சு இன்னொரு போன். "சார், நீங்க ஆன்லைன்ல பணம் இழந்திருக்கீங்க, அந்தப் பணத்தை மீட்டுத் தர்ற டீம்ல இருந்து பேசுறோம். ப்ராசஸிங் ஃபீஸ் 4,500 கட்டினா போதும்." அவன் இழந்த தொகையைத் துல்லியமா சொன்னானாம், அதனால நம்பினேன்னான். பணத்தை எடுத்தவனுக்குத்தானே தொகை துல்லியமா தெரியும்? ஏமாந்தவங்க லிஸ்ட்தான் இந்தத் தொழில்ல விலை உள்ள சரக்கு. ஒரு தடவை ஏமாந்தவன் இனி ஜாக்கிரதையா இருப்பான்னு நாம நினைக்கிறோம். அவனுக்கு விட்டதைப் பிடிக்கணும்ங்கிற வெறி இருக்கும்னு அவங்க கணக்குப் போடுறாங்க. அவங்க கணக்குதான் சரியா வருது.

சட்டம் இல்லாம இல்லை. தமிழ்நாடு அரசு கொண்டு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேத்தி, 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்தது. அந்த வருஷம் நவம்பர்ல, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுன்னு சொல்லி, அந்த ரெண்டுக்கும் இருந்த தடையை மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. 2025 ஆகஸ்ட்ல பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டு எல்லாத்தையும் தடை செய்து நாடாளுமன்றமே சட்டம் போட்டது. நல்லதுதான். ஆனா டெலிகிராம்ல கண்ணடிக்கிறவனுக்கு எந்தச் சட்டமும் நேரடியா எட்ட மாட்டேங்குது.

விஷயம் தெரிஞ்சு நண்பனோட அப்பா ஹாஸ்டலுக்கு வந்தார். தறியை நிறுத்திட்டு வந்திருக்கார், ஒரு நாள் கூலி போயிருக்கும். அடிப்பாரோன்னு பயந்து நாங்க ரெண்டு பேர் ரூம்லயே நின்னோம். அவர் கட்டில்ல உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிச்சார். அப்புறம் எங்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"தம்பி, அந்தக் காலத்துல நான் தினமும் லாட்டரிச் சீட்டு வாங்குவேன். 2003-ல ஜெயலலிதா அம்மா லாட்டரிய ஒழிச்சாவள்ல, அன்னைக்கு எனக்கு அழுகையா வந்துச்சு. இம்புட்டு நாளும் விட்டத இனி பிடிக்கவே முடியாதேன்னு. ஒரு வருசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அந்தக் கடைய அடைக்கலைன்னா நான் தறியவும் வித்திருப்பேன். அப்ப எனக்குச் சொந்தமா ரெண்டு தறி இருந்துச்சு. ஒண்ணு போயிட்டு, ஒண்ணு மிஞ்சுச்சு." கொஞ்ச நேரம் கழிச்சு மகனைப் பார்த்தார். "ஏ ஐயா, போனது போட்டும். அத எடுக்கணும்னு மட்டும் நினைக்காத."

மிஞ்சின அந்த ஒரு தறியையும், இவனை இன்ஜினியரிங் சேர்க்கும்போது வித்துட்டாராம். அதை அவர் சொல்லலை, நண்பன் அப்புறம் சொன்னான்.

ஃபீஸ் எப்படியோ கட்டியாச்சு. நண்பன் இப்போ சனி, ஞாயிறு ஒரு கடையில கணக்கு எழுதப் போறான். ஏமாந்த உடனே 1930-க்கு போன் பண்ணினா, பணம் கை மாறுறதுக்குள்ள பேங்க்ல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. அவன் அதைப் பண்ணலை. புகார் கொடுத்தா ஊருக்குத் தெரிஞ்சிடும்னு நினைச்சான். 'தி ஸ்டிங்' படத்துலயும், பெரிய மனுஷன் ஏமாந்தா வெளியே சொல்ல மாட்டான்ங்கிற தைரியத்துலதான் அத்தனை பெரிய கடையைப் போட்டாங்க. ஏமாத்துறவனுக்கு நம்ம வெட்கமும் ஒரு முதலீடு. அதனால யாருக்காவது இப்படி ஆச்சுன்னா, அன்னைக்கே 1930-க்கு போன் பண்ணுங்க. ரூம்மேட்கிட்டயாவது சொல்லுங்க. சிரிக்க மாட்டோம்.

லீவுல 'தி ஸ்டிங்' பாருங்க. சப்டைட்டிலோட பாருங்க, நல்லா இருக்கும். பார்க்கும்போது பால் நியூமன் மேல மட்டும் கண்ணை வைக்காம, அந்தக் கடையில பெட்டியோட நிக்கிற லானகனையும் ஒரு தடவை பாருங்க. சினிமாவுல எத்தர்கள் அவனை மாதிரி தாதாவைத் தேடிப் போறாங்க. நம்ம ஊர்ல ஃபீஸ் கட்டப் பணம் வெச்சிருக்கிறவனைத் தேடி வர்றாங்க.

போன வாரம் நண்பனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. புது நம்பர், புது ஆப். "வெல்கம் பேக். உங்களுக்காக 500 ரூபாய் போனஸ் காத்திருக்கு." எங்ககிட்ட காட்டிட்டு, பிளாக் பண்ணிட்டுச் சாப்பிடப் போனான்.